அரக்கு பாலிஷ் வெள்ளை பூத்த கதை: தேக்கு நாற்காலி, இரண்டாம் கட்டம்

ஒருவழியாகப் பாலிஷ் பிடித்துவிட்டது. ஐப்பசி மழையில் தொடங்கிய வேலை, தை பிறந்து வெயில் ஏறின பிறகுதான் கைப்பிடியில் ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வந்தது. சென்னையில், அதுவும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கையால் பாலிஷ் போடுகிறேன் என்றால் தெரிந்த ஆசாரிகள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்காலியின் பூர்வீகம் சுருக்கமாக. மயிலாப்பூர்ப் பக்கம் பழைய வீடு ஒன்றை இடித்தபோது காயலான் கடைக்கு வந்தது, 1,500 ரூபாய்க்கு முடிந்தது. கை வைத்த பிரம்பு நாற்காலி. பிரம்பு கிழிந்ததும் யாரோ பிளைவுட்டை வைத்து அறைந்து ரெக்சின் போர்த்தி, அது போதாதென்று மரம் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறத்தில் எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கடைக்காரர் “பர்மா தேக்கு சார்” என்றார். காயலான் கடையில் பர்மா தேக்கு அல்லாத மரச்சாமானை நான் பார்த்ததே இல்லை, வேப்பமர பெஞ்சுகூட அங்கே ரங்கூனில் கப்பலேறி வந்ததுதான். தேக்கு என்பது மட்டும் நிஜம். சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிளேடால் சுரண்டியதுமே அந்த எண்ணெய் வாடை வந்துவிட்டது, எனக்கு அது போதும்.

பெயிண்ட் எடுத்ததைப் பற்றி ஒரே ஒரு விஷயம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து வழித்தெடுத்தேன். அதிசயமாக அது தோல் உரிகிற மாதிரி பட்டை பட்டையாக வந்தது, ஏனென்றால் அடியில் இருந்தது அரக்கு. சூடு பட்டதும் அடியில் இருப்பது இளகி மேலே இருப்பதைத் தள்ளிவிடுகிறது. அடியில் என்ன பூச்சு என்று தெரியவில்லையென்றால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள்: பிசுபிசுத்தால் அரக்கு, ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர், இரண்டுக்கும் அசையவில்லை என்றால் வார்னிஷோ பாலியூரித்தேனோ, உங்கள் தலையெழுத்து.

மூட்டுகள் எல்லாம் பழைய வச்சிரம், மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கிற பசை. வெந்நீர்த் துணியைச் சுற்றி வைத்தால் விட்டுக்கொடுக்கும், அதனால்தான் எனக்கு வச்சிரத்தின்மேல் மரியாதை. அதைச் சுத்தமாகக் கழுவி எடுக்காமல் மேலேயே ஃபெவிகால் விட்டால் நிற்காது. தேக்கின் எண்ணெய்ப் பசை வேறு இருக்கிறது, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் கழுந்தை (துளைக்குள் இறங்குகிற முனையை) அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். கிளாம்ப் இல்லை, கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி வைத்தேன், கிண்ணென்று நின்றது.

சரி, பாலிஷுக்கு வருவோம்.

முதலில் ஸ்பிரிட் கிடைப்பதே ஒரு பாடு. ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 1948-லிருந்து 1971 வரை இங்கே முழு மதுவிலக்கு. அரக்கு பாலிஷில் தண்ணீரை ஊற்றினால் அரக்கு திரிந்து ஒதுங்கும், மிச்சம் சாராயம், அதையும் குடித்த ஆட்கள் இருந்தார்கள், கண் போனவர்களும் உண்டு. அதனாலேயே 1959-இல் அரசு போட்ட ஸ்பிரிட் கட்டுப்பாட்டு விதிகளின் பெயரிலேயே வார்னிஷும் பிரெஞ்ச் பாலிஷும் (அரக்கு பாலிஷின் இன்னொரு பெயர்) இடம்பெற்றிருக்கின்றன. நாம் நாற்காலிக்குப் பூசுகிற சரக்கு சட்டத்தின் தலைப்பிலேயே ஏறியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை.

கடைசியில் ஒரு கடையில் லேபிள் இல்லாத பாட்டிலில் “பாலிஷ் ஸ்பிரிட்” என்று ஒன்றைக் கொடுத்தார்கள். என் துன்பம் முழுக்க அதில்தான் தொடங்கியது. அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மெத்தனால் என்று கடவுளுக்கே வெளிச்சம். கைப்பிடியில் முதல் கை ஓட்டினேன், நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்தது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் மறுபடி பூக்கிறது. மழை விட்ட நாளில் கொஞ்சம் குறைவு, மழை நாளில் கைப்பிடி முழுக்க விபூதி.

காரணம் எளிதுதான். ஸ்பிரிட் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, மேல்பரப்பு சில்லிட்டுப்போகிறது, காற்றில் இருக்கிற ஈரம் அந்தக் குளிர்ந்த ஈரப் பூச்சில் இறங்குகிறது. தண்ணீர் சேரச் சேர அரக்கு கரைந்திருக்க முடியாமல் திரள்கிறது, அந்தத் திரள்தான் வெள்ளை. கையில் இருக்கிற ஸ்பிரிட்டிலேயே ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் காற்று கொஞ்சம் ஈரமாக இருந்தாலே போதும். ராஜஸ்தானில் உட்கார்ந்துகொண்டு வீடியோ போடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது, அவர்கள் பாட்டுக்கு ஃபேனைப் போட்டுக்கொண்டு தேய்க்கிறார்கள். இங்கே ஃபேன் போடவே கூடாது. வேகமாகக் காயும்தான், ஆனால் அதே வேகத்தில் குளிர்ந்து அதே வேகத்தில் பூக்கும், தூசி வேறு.

தீர்வு எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் கிடைத்தது. மொபைல் போர்டு கழுவுகிறவர்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குவார்கள் அல்லவா, 99 சதவீதம், லேபிளோடு, சீல் வைத்த கேன். அதில் அரக்கு கரையும், கொஞ்சம் மெதுவாக. காய்வதும் மெதுவாக, அதனால் குளிர்வதும் குறைவு, பூப்பது பாதிக்குப் பாதி அங்கேயே போய்விட்டது. 70 சதவீதம் என்று போட்ட சானிட்டைசர் வகையைத் தொடாதீர்கள், மீதி 30 தண்ணீர். கேனைத் திறந்தே வைத்தால் அதுவும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், ஊற்றின கையோடு மூடிவிட வேண்டும். அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மீதிப் பாதிக்கு நூறு வாட் குண்டு பல்பு. பாலிஷ் ஓட்டுவதற்கு முன்னால் நாற்காலியைக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி உள்ளே கொண்டுவந்து, வேலை செய்கிற பக்கத்தில் பல்பை ஓரடி தள்ளிப் பிடித்துவிடுவேன். மரம் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது சில்லிடாத வரை ஈரம் இறங்காது. ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கி வைத்தேன், இருநூற்றுச் சொச்சம். 80-ஐத் தாண்டினால் பாட்டிலையே திறப்பதில்லை. காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று திரும்புவதற்குள், அதுதான் என் வேலை நேரம். ஏற்கெனவே பூத்துப்போன இடங்களுக்கு வெறும் ஐசோபுரொப்பைலை மிகக் கொஞ்சம் தொட்டு, பல்புச் சூட்டில் லேசாக ஒரு ஓட்டு ஓட்டினால் பூச்சு மறுபடி இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடுகிறது. சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

அரக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினதுதான், அவலரக்கு என்று கேளுங்கள், தட்டையாகச் செதில் செதிலாக இருக்கும். கொம்பரக்கைக் கொடுத்தால் வேண்டாம், அதில் குச்சியும் பூச்சியும் சேர்ந்தே இருக்கும், வடிகட்டியே பொழுது போய்விடும். ஒரு செதிலைக் கொளுத்தி மோந்து பாருங்கள், பைன் மர வாடை தூக்கலாக வந்தால் ரோசின் கலந்த சரக்கு, அது என்றைக்கும் பிசுபிசுப்பு விடாது. நாட்டில் அதிகம் அரக்கு விளைவது ஜார்க்கண்டில், ராஞ்சியில் 1924-லேயே அரக்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள், ஆனால் நமக்குக் கிடைப்பது பாரிமுனையில் யார் எந்த மூட்டையைப் பிரித்தார்களோ அது. மெழுகு நீக்கிய ரகம் ஆன்லைனில் கிடைக்கிறது, விலை மூன்று மடங்கு, அடுத்த தடவை பார்க்கலாம். 250 மில்லிக்கு 60 கிராம், ஹார்லிக்ஸ் பாட்டிலில், ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தயார். மொத்தமாகக் கலக்காதீர்கள். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் காய்கிற குணத்தையே இழந்துவிடும், சந்தேகமாக இருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரத்தில் வைக்க வேண்டும்.

துணிப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உள்ளே கிழிந்த பனியன், வெளியே அப்பாவின் பழைய மல் வேட்டி. துவைத்துத் துவைத்து நூல் உதிர்வது நின்றுபோன வேட்டிதான் வேண்டும், புதுத் துணி நார் விடும். உள்துணியை உருண்டையாக வைத்து, வேட்டித் துணியின் நான்கு முனையையும் பின்னால் முறுக்கினால் முன்பக்கம் ஒரு மூக்கு வரும், கைப்பிடி வளைவுக்குள்ளும் கால் கடைசலிலும் போவதற்கு அந்த மூக்குதான். அரக்கை வெளியே தொடக் கூடாது, பொட்டலத்தைப் பிரித்து உள்துணியில் ஊற்றி, மறுபடி முறுக்கி, காகிதத்தில் ஒரு அழுத்து. காகிதத்தில் ஈரம் தெரிய வேண்டும், குளம் கட்டக் கூடாது. பொட்டலத்தின் முகத்தில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின், மருந்துக் கடையில் கிடைக்கும், வழுக்குவதற்கு. பிறகு தோசைக்கல்லில் மாவு தேய்க்கிற அதே கை, வட்டம் வட்டமாக. கை ஓடிக்கொண்டே வந்து மரத்தைத் தொட வேண்டும், ஓடிக்கொண்டே வெளியேற வேண்டும். நடுவில் ஒரு நொடி நின்றால் போதும், துணி பசையில் ஒட்டி வேட்டி நெசவின் அச்சு அப்படியே விழுந்துவிடும். போன் அடித்தால் எடுக்காதீர்கள். என் வீட்டில் இந்த நேரம் பார்த்துத்தான் கேஸ்காரர் வருவார்.

அழுத்தத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை, ஆனால் பொட்டலம் காயக் காய அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். சரியாகப் போனால் பொட்டலத்துக்குப் பின்னாலேயே ஒரு மெல்லிய மூட்டம் வால் மாதிரி நகர்ந்து வந்து அடுத்த நொடியே மறையும். அந்த மூட்டம் நல்லது, அது எண்ணெய். மறையாமல் நின்றால்தான் ஈரம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகியதும் பயம் போய்விட்டது. வேலை முடிந்ததும் பொட்டலத்தை மூடி போட்ட டப்பாவில் போட்டு வைத்தால் மறுநாளும் இளக்கமாகவே இருக்கும், ஓட்ட ஓட்ட இன்னும் நல்ல பொட்டலமாக ஆகும். கடைசிக் கட்டத்தில் அரக்கு இல்லாமல் ஐசோபுரொப்பைல் மட்டும், லேசாக வாடை தெரிகிற அளவு தொட்ட இன்னொரு துணியால் எண்ணெயை எடுத்துவிட்டால் அந்தப் பளபளப்பு வெளியே வருகிறது. தேக்கின் ரேகைகள் அடியில் கிடந்து மின்னுவது அப்போதுதான் தெரியும்.

இவ்வளவு எதற்கு, மெலமைன் ஸ்பிரே அடித்தால் ஒரு நாள் வேலைதானே என்று கேட்பவர்களுக்கு: அடியுங்கள், டீபாய்க்கும் சாப்பாட்டு மேஜைக்கும் அதுதான் சரி, அரக்கின் மேல் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் மெலமைன் கீறினால் மொத்தத்தையும் தேய்த்து எடுக்க வேண்டும். அரக்கில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரண்டு ஓட்டு ஓட்டினால் பழையதோடு கரைந்து சேர்ந்துகொள்ளும். இந்த நாற்காலிக்கு முதலில் போட்டதும் அரக்குதான், அதற்கு அதுவே இருக்கட்டும்.

நடுவில் காரைக்குடி போய்வந்தேன், முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் விலை எல்லாம் இப்போது வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிற விலைதான், நம்மிடமும் அதையே சொல்கிறார்கள். மூடியில் பூச்சு பெயர்ந்த சுவீடன் எனாமல் தூக்கு ஒன்று மட்டும் பேரம் படிந்தது. அடியில் காக்கம்ஸ் கம்பெனி முத்திரை இருக்கிறது. துரு பிடித்த இடத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், சாப்பாடு வைக்கப் போவதில்லை, செடி வைக்கலாம். சாவி இல்லாத திண்டுக்கல் பூட்டோடு ஒரு மரப்பெட்டியும் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் இடம் இல்லை என்று உத்தரவு.

அடுத்தது பிரம்பு. பின்னல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெடுக்கு, குறுக்கு எல்லாம் பொழுதுபோக்கு, மூலைவாட்டம்தான் பரீட்சை. ஒரு மூலைவாட்டம் நெடுக்குக்கு அடியிலும் குறுக்குக்கு மேலும் போனால் மற்றது நேர்மாறாகப் போக வேண்டும். சரியாகப் போனால் பிரம்பு மூலைக்குள் தானாக வழுக்கி உட்காரும், மாறிப்போனால் தடுக்கித் தடுக்கி ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும். சட்டத்தின் துளைகளில் பழைய முளைக்குச்சிகளைத் தட்டி எடுத்தாகிவிட்டது, துளை எல்லாம் சுத்தம். பிரம்புதான் சரியாகக் கிடைக்கவில்லை. போன வாரம் வாங்கின சுருள் நனைத்த பிறகும் மடித்தால் முறிகிறது, பல வருஷம் கடையில் கிடந்த சரக்கு போல. பிளாஸ்டிக் பிரம்பு வாங்கிக்கொள் என்று கடையிலேயே சொல்கிறார்கள், மாட்டேன். சென்னையிலோ பாண்டிச்சேரியிலோ 2.5 மில்லிமீட்டர் பின்னல் பிரம்பு, பளபளப்புப் பக்கம் சிதறாத சரக்கு, எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பின்னங்கால் ஒன்றின் உள்பக்கத்தில் இன்னும் லேசாக மூட்டம் இருக்கிறது, பல்பைப் பிடித்து அதைத் தெளிய வைக்கப் போகிறேன்.