கதவைக் கவனித்த பிறகு ஸ்பீக்கரை மாற்றுங்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஆடியோ வேலை கற்றுக்கொண்டவன் நான். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது எத்தனை வாட்ஸ் என்றுதான். ஸ்பீக்கரைக் கண்ணால் பார்க்கலாம், ஆம்பை, அதாவது ஆம்ப்ளிஃபையரை, தொட்டுப் பார்க்கலாம். கதவுக்குள் ஒட்டிய ஷீட்டை யாருக்கும் காட்ட முடியாது. அதனால் கையில் காசு இடிக்கும்போது முதல் வெட்டு, தகட்டின் அதிர்வை அடக்க அந்த ஷீட்டை ஒட்டும் டேம்பிங் வேலைக்கே விழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் பெட்டியின் வேலையைக் கதவுதான் பார்க்க வேண்டும். அந்தக் கதவின் வெளிப்பக்கம் மெல்லிய தகடு. உள்பக்கத் தகட்டில், கண்ணாடி மோட்டாரையும் பூட்டையும் கழற்றி மாட்ட வசதியாகக் கை நுழையும் அளவுக்குத் துளைகள் வெட்டியிருக்கும். பல கார்களில் அவற்றை மூடியிருப்பது தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டுமே. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. முன்பக்க ஒலியலையும் பின்பக்க ஒலியலையும் அந்தத் துளைகள் வழியே கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதிகம் அடிபடுவது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி. அதை ஆம்பை மாற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் செலவுக்கு முடிவே இல்லை; ஒலியளவை 10 டெசிபல் கூட்டுவதற்கே பத்து மடங்கு மின்திறன் வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் கர்நாடக இசைப் பிரியர். வேறோர் இடத்தில் நல்ல ஆறரை அங்குல ஸ்பீக்கர்களும் தரமான ஆம்பும் பொருத்திக்கொண்டு, மனம் ஆறாமல் எங்களிடம் வந்தார். “தம்பி, மிருதங்கத்தில் வலந்தலை துல்லியமாகக் கேட்கிறது. தொப்பி எங்கே போனது என்றே தெரியவில்லை. அது வர வேண்டிய இடத்தில் கதவுதான் அதிர்கிறது” என்றார். வலந்தலை மிருதங்கத்தின் வலப்பக்கம்; தொப்பி, தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம். இதைவிடத் தெளிவாக ஒரு வாடிக்கையாளர் குறையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கதவின் உள்பக்க உறையான டோர் பேடைக் கழற்றினேன். பிளாஸ்டிக் தாள் கிழிந்து ஒயருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டினால் காலி எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல நெடுநேரம் ஒலித்தது. உள்ளே படிந்திருந்த புழுதியைத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பிசுக்கை எடுத்து, 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டினோம். அதன் முதுகில் அலுமினியத் தாள் இருக்கும். தகடு அதிரும்போது நடுவிலுள்ள ரப்பர் நசுங்கி இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கிவிடுகிறது. ரோலரால் அழுத்தும்போது அலுமினியத்தில் உள்ள புடைப்பு வடிவம் மழுங்கித் தட்டையாக வேண்டும். அதுவரை ஷீட் முழுதாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பிறகு உள்தகட்டின் துளைகளை அடைத்தோம், பூட்டுக் கம்பிகளுக்குத் துணி டேப் சுற்றினோம், உடைந்த கிளிப்புகளை மாற்றினோம். ஸ்பீக்கரும் ஆம்பும் அவர் கொண்டுவந்தவைதான். அதே கச்சேரியைப் போட்டுக் கேட்டவர், தனி ஆவர்த்தனம் முடியும்வரை காரைவிட்டு இறங்கவில்லை.

வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டும் என்பதில்லை. கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை சரியான இடங்களில் ஒட்டினாலே ஒலிப்பு பெரிதும் அடங்கிவிடும். மேலும் மேலும் ஒட்டுவது கதவின் எடையைத்தான் கூட்டும். உள்தகட்டில் மட்டும் இடைவெளி விடக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று தார் ஷீட்டை ஒட்டுவதை நான் ஏற்பதே இல்லை. சென்னையின் மே மாத வெயிலில் அது இளகி, வாடை வீசி, கழன்று கண்ணாடி இறங்கும் வழியில் விழும்.

இந்த வேலையில் என்னைப் பதறவைப்பது கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடுவதுதான். மழைநீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கியே தீரும். வெளியேற வழியில்லாவிட்டால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது. மோதலில் கதவுக்குள் காற்றழுத்தம் எப்படி உயர்கிறது என்பதைப் பார்த்து அது செயல்படுவதால், அப்படிப்பட்ட கதவில் கம்பெனி வைத்த அடைப்பை நான் மாற்றுவதில்லை. எவ்வளவு கேட்டாலும் சரி.

கதவை முடித்ததும் சாலை இரைச்சலும் போய்விடுமா என்று கேட்கிறார்கள். குறையும், போகாது. டயர் ஓசை பெரும்பாலும் தரை வழியாகவும் சக்கர வளைவுகள் வழியாகவும் ஏறுகிறது. அதற்கு இருக்கைகளையும் கார்பெட்டையும் எடுத்துவிட்டு, டேம்பிங் ஷீட்டுக்கு மேல் நுரையும், அதன்மேல் கனமான வினைல் விரிப்பும் போட வேண்டும். அது தனி வேலை, தனிச் செலவு. அதற்குச் சம்மதிக்கும் முன் டயர்களைக் குனிந்து பார்க்கச் சொல்வேன். ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தால், முதலில் டயர் கடைக்குப் போய்விட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.