கன்னு தங்கலைங்க

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் என் பெயர் 'சினை ஊசி டாக்டர்'. "நான் டாக்டருக்குப் படிக்கலைங்க" என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. விட்டுவிட்டேன்.

1989ல் சேரும்போது சைக்கிள், பிறகு டிவிஎஸ் 50. கேரியரில் கட்டிய கேனுக்குள் திரவ நைட்ரஜன், அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் உறைவிந்துக் குச்சிகள். ஒரு குச்சியில் கால் மில்லிதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, துடைத்து, முனையை வெட்டி, துப்பாக்கியில் ஏற்ற வேண்டும். துப்பாக்கி என்றால் ஊசி போடும் நீளக் கம்பி. மாடு காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பருவத்துக்கு வந்த மாடு ஓயாமல் கத்தும். "மாடு கத்துதுங்க" என்று யாராவது வந்து நின்றால் எனக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் குடும்பம் சாப்பிட்டது.

ஊசி போட்டதும் பதிவேட்டில் எழுதுவோம். மாட்டுக்காரர் பெயர், மாட்டின் இனம், காளையின் எண், தேதி. மூன்று மாதம் கழித்துச் சினை பார்த்து எழுதுவோம். ஒன்பது மாதம் பத்து நாளில் கன்று போட்டால் கடைசிக் கட்டத்தில் 'ஆண்' அல்லது 'பெண்'. அதற்கு அடுத்து கட்டம் கிடையாது. சர்க்காருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் வந்திருந்தான். காபி வேண்டாம் என்றான். பால் சாப்பிடுவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறதாம். அவன் அம்மாவுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் அடுத்துக் கேட்டதில் நின்றுவிட்டது. "நீங்க ஊசி போட்டுப் பொறந்ததுல பாதி காளைக் கன்னுதானேப்பா? அதெல்லாம் எங்கே? நம்ம ஊர்ல ஒரு சீமைக் காளையாச்சும் நான் பார்த்ததே இல்லையே."

என் பதிவேடுகளில் ஏறக்குறைய சரிபாதி 'ஆண்' என்றுதான் இருக்கும். தெருவில் போய்ப் பார்த்தால் எல்லாக் கட்டுத்தரையிலும் பசு, கிடாரி, பசு, கிடாரி. இதை நான் கவனிக்கவில்லை என்று அவனிடம் சொன்னால் அது பொய்.

எங்கள் பக்கம் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, "கன்னு எப்படிங்க இருக்குது?" என்று கேட்பேன். "கன்னு தங்கலைங்க" என்பார்கள். சாகடித்தோம் என்று யாரும் சொன்னதில்லை, உண்மையில் யாரும் சாகடிக்கவும் இல்லை. தாயை விட்டுத் தள்ளிக் கட்டுவார்கள். சீம்பாலைக் கறந்து வெல்லம் போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். கன்றுக்குக் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர். கழிச்சல் கண்டால் மருந்துக்கு ஆள் விடமாட்டார்கள். கிடாரிக் கன்றுக்குக் கழிச்சல் என்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்தான் இவர்கள். காளைக் கன்றுக்காக ஒருவரும் தட்டியதில்லை. பத்து, பதினைந்து நாளில் தங்காமல் போய்விடும். தங்கினால் மாட்டு ஏவாரி வருவார்.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை என்று என் அப்பா சொல்லுவார். அது பாதிதான் சரி. அப்போது இருந்தது காங்கேயம் மாடு. காளைக் கன்று பிறந்தால் வீட்டில் ஓர் ஆள் கூடின மாதிரி. கவலை இறைக்க, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க ஒரு சோடி, உழவுக்கு, வண்டிக்கு. திமில் இருக்கும், நுகத்தடி அதில் போய்ப் பதமாக உட்காரும். வெயில் தாங்கும். மின் மோட்டார் வந்து கவலை போனது, டிராக்டர் வந்து உழவு போனது, வேன் வந்து வண்டி போனது. 1970ல் வெண்மைப் புரட்சி தொடங்கிய பிறகு கலப்பினம் ஊர் ஊராகப் பரவியது. ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளைக்குத் திமில் சரியாக இல்லை, வெயிலில் நுரை தள்ளும். எதில் பூட்டுவது? 1998லிருந்து உலகத்திலேயே அதிகம் பால் தருகிற நாடு இது. அந்தப் பெருமையில் என் கைக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. மற்றதிலும் உண்டு.

பாதிதான் சரி என்று ஏன் சொன்னேன் என்றால், அப்பாவின் கவலை மாடுகளுக்குக் கழுத்தில் ஆறாத புண் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தார்க்குச்சி முனையில் ஆணி இருந்தது. கல்லில் வைத்துக் காயடித்தபோது அந்தக் காளை போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய காலம் மாட்டுக்குச் சொர்க்கம் ஒன்றும் இல்லை. உபயோகம் இருந்ததால் உயிரோடு வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் உண்டு. அதைத் தொழில்காரர்களைத் தவிர யாரும் பேசுவதில்லை. காங்கேயம் மாடு கன்று இல்லாமல் கறக்க விடாது. கன்று வந்து நாலு முட்டு முட்டினால்தான் சுரப்பு விடும். கன்று செத்தால் பாலை அடக்கிக்கொள்ளும். ஆகவே காளையோ கிடாரியோ, கன்று பிழைத்தால்தான் வீட்டுக்கு மோர். சீமை மாடு அப்படியில்லை. மடியைக் கழுவி, தீவனத்தை முன்னால் வைத்தால் போதும், சுரந்துவிடும். அது இளகின மாடு என்று நாங்கள் விவசாயிகளிடம் சிபாரிசு செய்த குணமே, அதன் கன்றுக்கு இருந்த கடைசி வேலையையும் பறித்துவிட்டது.

பட்டணத்தில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். சின்ன வயதில் மெட்ராஸில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, பால்காரர் வாசலுக்கே மாட்டை ஓட்டி வந்து கறந்து கொடுத்தார். அவருடைய அக்குளில் ஒரு கன்றுக்குட்டி. கிட்டே போய்ப் பார்த்தேன், கண் இல்லை. செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தது. அதைப் பக்கத்தில் நிறுத்தியதும் மாடு நக்க ஆரம்பித்தது. பால் இறங்கியது. அந்தப் பாலில்தான் சித்தி எனக்கு ஹார்லிக்ஸ் போட்டுக் கொடுத்தார், நானும் குடித்தேன்.

காந்தி பால் குடிப்பதை விட்டதற்கு இந்த மாதிரி விஷயங்களைக் கேள்விப்பட்டதும் ஒரு காரணம். சுரப்பு விடாத மாட்டின் பின்புறத்தில் காற்றை ஊதிக் கறக்கும் 'பூக்கா' என்றொரு வழக்கம் கல்கத்தாப் பக்கம் இருந்தது. 1912ல் தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டார். சில வருடம் கழித்து இந்தியாவில் வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தபோது, நீங்கள் சபதம் செய்தது பசும்பாலையும் எருமைப் பாலையும் நினைத்துத்தானே, ஆட்டுப் பால் அதில் சேராதே என்று கஸ்தூரிபா வழி சொன்னார். குடித்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றுவிட்டேன் என்று பின்னால் அவரே எழுதினார். காந்திக்கே ஆடு தேவைப்பட்டது. என் மகனுக்குப் பாதாம் பால் கிடைக்கிறது, நல்லது. அவனை நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் கன்று போட்ட மாட்டை அவன் வாழ்க்கையில் ஒரு நாளும் கறந்ததில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏன் என்றால் கட்டுத்தரையில் உட்கார்ந்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். பிறந்த கன்று 25 கிலோ என்றால் முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் குடிக்க வேண்டும். நாங்கள் பயிற்சி முகாமில் சொல்லும் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர். சொசைட்டியில் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,625 ரூபாய். ஏவாரி கொடுப்பது 900. முகாமில் இதைச் சொல்லிவிட்டு, "கன்றுக்குப் பால் விடுங்கள்" என்றும் நாங்களே சொல்லுவோம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் தலையை ஆட்டுவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பால் காசுதான் மளிகை.

சட்டம் இல்லாமல் இல்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அது வரக் காரணமாக இருந்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அப்புறம்தான் அரசாங்கமே சட்டம் செய்தது. பூக்காவுக்குத் தனிப் பிரிவு உண்டு. வளர்க்கிற உயிருக்குப் போதுமான தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதும் அதன்படி குற்றம்தான். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒன்றரை லிட்டர் பால். முப்பது வருடத்தில் ஒரு கன்றுக்காகக்கூட எங்கள் பக்கம் யாரும் அந்த 50 ரூபாயைக் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் புகார் எழுதியதும் இல்லை. எழுதியிருந்தால் முதல் பெயர் யாருடையது என்று யோசிக்கிறேன். ஊசி போட்டவன் பெயரைத்தானே முதலில் எழுத வேண்டும்.

இப்போது பாலினம் பிரித்த உறைவிந்து வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரிக் கன்றுதான். நல்ல தீர்வு என்று துறையில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். பிறக்காதது பட்டினி கிடக்காது. தேர்க்காலில் அடிபட்ட திருவாரூர்க் கன்றுக்காக ஒரு ராஜா மகனையே கொடுத்தார் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது காளைக் கன்றா கிடாரியா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் மாதிரி ஆளுக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம் வரும்.

மகன் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது ஓர் ஆத்தா. எழுபதைத் தாண்டியவர். தனி ஆள், ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. நான்தான் மூன்று முறையும் ஊசி போட்டேன். மூன்றும் காளைக் கன்று. மூன்றாவது பிறந்த அன்று, "ஏனுங் தம்பி, எனக்குன்னு பொறுக்கி எடுத்துக்கிட்டு வருவீங்களாட்ட இருக்குது" என்றார். கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, முறைப்படி ஆலமரத்தில் கட்ட ஆள் அனுப்பினார். அந்தக் கன்றுக்கு மட்டும் என்னமோ மனசு இளகி, ஒரு காம்பை விட்டு வைத்தார். நாற்பது நாள் இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. என் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டால் காதைத் தூக்கும்.

ஏவாரி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நான் பக்கத்து வீட்டில் சினை பார்த்துக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கெழம வாசல்ல இருந்து மாட்டை அவுக்கறதா? மகாலச்சுமி போயிருவா. நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். கன்று இன்னொரு நாள் இருந்தது. சனிக்கிழமை அவர் வந்து பணத்தை நீட்டினார். ஆத்தா கையில் வாங்கவில்லை. திண்ணையில் வைக்கச் சொன்னார். தண்ணீர் கேட்டவருக்குச் சொம்பைத் தராமல், கையை ஏந்தச் சொல்லி ஊற்றினார். ஏவாரி ஒன்றும் சொல்லவில்லை, பழகியவர் போல ஏந்திக் குடித்தார். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குபவர் கொண்டுவந்த கயிற்றைப் போட்டுத்தான் ஓட்டிப் போக வேண்டும். அவர் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் ஆத்தா போன் போட்டார்.

"தம்பி, மாடு கத்துதுங்க. ரெண்டு ராத்திரியா தூங்க உடலை. பருவத்துக்கு வந்துருச்சாட்ட இருக்குது."

கன்று போட்டு நாற்பது நாள் கடந்தது, வரலாம்தான். கேனை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். மாடு வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. டிவிஎஸ் 50ஐப் பார்த்ததும் இன்னும் சத்தமாகக் கத்தியது. வாலைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழும்பு இறங்கியிருக்க வேண்டும், இல்லை. உறையை மாட்டி உள்ளே கை விட்டுப் பார்த்தேன். பருவத்துக்கான அறிகுறி ஒன்றும் இல்லை.

"பருவம் இல்லீங் ஆத்தா" என்றேன்.

"பின்ன எதுக்குங் கத்துது?"

தெரியாமல் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கை கழுவத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். கட்டுத்தரை முளையில் மூன்று சின்னக் கயிறுகள் தொங்கின. இரண்டு வெயிலில் வெளுத்திருந்தன.