வியாழக்கிழமை இரவில் இப்படியொரு தொடரா!

கொலை, எஃப்பிஐ, வாரம் ஒரு குற்றவாளி. அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றில் வரும் தொடர் என்றால் வேறென்ன இருக்கப்போகிறது என்றுதான் 'ஹானிபல்' பார்க்க உட்கார்ந்தேன். என்பிசி சேனலில் 2013-ல் வியாழக்கிழமை இரவுத் தொடராகத் தொடங்கியது, இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போனதோ.

முதல் அத்தியாயத்திலேயே அசந்துவிட்டேன். கொலை நடந்த வீட்டில், எஃப்பிஐக்குத் துப்பறிய உதவும் வில் கிரஹாம் கண்ணை மூடுகிறான். இருட்டில் ஒளிக்கோடு ஒன்று கடிகாரப் பெண்டுலம் மாதிரி இங்கும் அங்கும் ஆடுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் சுவரில் தெறித்த ரத்தம் பின்னோக்கிப் போய் மறைகிறது. அவன் கொலைகாரனாகவே மாறி, பின்னால் நடந்தே வாசலுக்குப் போகிறான். பெரிய வசனமோ விளக்கமோ இல்லாமல், துப்பறிதலைக் காட்சியாகவே மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை! மனித மாமிசம் தின்னும் மனநல மருத்துவர் ஹானிபலாக மேட்ஸ் மிக்கெல்சன் அறிமுகமாகும்போது இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க்' இசை ஓடுகிறது, மனிதர் அமைதியாகச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். உணவலங்காரம் செய்த ஜானிஸ் பூன் என்பவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். தட்டில் இருப்பது என்ன என்று தெரிந்தும் நாக்கில் எச்சில் ஊறுகிறது, அதுதான் பயங்கரம். முதல் சீசனின் அத்தியாயத் தலைப்புகள்கூட பிரெஞ்சு விருந்தின் வரிசைதான்.

உருவாக்கியவர் பிரையன் ஃபுல்லர். விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே இவ்வளவு துணிச்சலா! மூன்று சீசன், 39 அத்தியாயத்தோடு 2015-ல் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். ரத்தம் பார்க்க முடியாதவர்களுக்கு வேண்டாம். மற்றவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போனோடு பாருங்கள்.