குளச்சல் மீன் கொள்முதல் கணக்கை பவர் பிஐ-யோடு நேரடியாக இணைத்த விதம்

குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் மூன்று துறைமுகங்களிலும் மீன் எடுக்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. சர்வர் நாகர்கோவில் அலுவலகத்திலேயே. ஏல விலையும் எடையும் பதிவான கையோடு பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருள்) டாஷ்போர்டில் தெரியவேண்டும் என்பதுதான் தேவை.

பவர் பிஐ டெஸ்க்டாப்பில் போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்ததும் இம்போர்ட்டா டைரக்ட்குவெரியா என்று கேட்கும். இம்போர்ட்டில் தகவலின் நகல் உள்ளே போய்விடும். ப்ரோ லைசென்ஸில் நாளுக்கு 8 முறைதான் ஷெட்யூல் போட்டுப் புதுப்பிக்கலாம். டைரக்ட்குவெரியில் நகல் கிடையாது, ஒவ்வொரு சார்ட்டும் டேட்டாபேஸையே போய்க் கேட்கும். யோசித்துத் தேர்ந்தெடுங்கள்: இம்போர்ட் ஆக்கிய டேபிளை மறுபடி டைரக்ட்குவெரிக்கு மாற்ற முடியாது. மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்கு அதன் கனெக்டரில் இம்போர்ட் மட்டுமே.

டேட்டாபேஸ் பக்கம் வேலை கொஞ்சம்தான். படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி யூசர், அவருக்கு 60 நொடி டைம்அவுட், அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட். எந்த முகவரியில் வரும் இணைப்புகளை ஏற்கவேண்டும் என்ற செட்டிங்கை மாற்றினால் போஸ்ட்கிரெஸை ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டும். வெறும் ரீலோட் போதாது.

லேப்டாப்பில் எல்லாம் ஓடும். பப்ளிஷ் செய்தபின்தான் தலைவலி ஆரம்பம். உள்ளூர் சர்வரை பவர் பிஐ சர்வீஸ் (பப்ளிஷ் செய்த ரிப்போர்ட் ஓடும் இணையத் தளம்) எட்ட, எப்போதும் அணைக்காத ஒரு கம்ப்யூட்டரில் கேட்வே என்ற இடைத்தரகு மென்பொருள் வேண்டும், அதுவும் ஸ்டாண்டர்ட் மோடில். பெர்சனல் மோடில் டைரக்ட்குவெரி ஓடாது. கேட்வே உள்ளிருந்து வெளியேதான் பேசும், ஆகவே ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். (5432-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் இருப்பது தனி வயிற்றெரிச்சல்.) அடுத்து சர்வர் பெயர். டெஸ்க்டாப்பில் 192.168.1.20 என்றும் கேட்வேயில் லோக்கல்ஹோஸ்ட் என்றும் கொடுத்தால், இரண்டும் ஒரே மெஷின் என்றாலும் இணைப்பு பொருந்தாது. இரண்டு இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். சர்டிஃபிகேட் செல்லாது என்று எரர் வந்தால், சர்வரின் சர்டிஃபிகேட்டைக் கேட்வே மெஷினின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் தீரும்.

கண்ணில் படாத கோளாறு கடிகாரத்தில். விடிகாலை 4:45-க்கு குளச்சல் ஏலம் பதிவாகிவிட்டது, ஆனால் "இன்றைய எடை" என்ற கட்டத்தில் நேற்றைய கிலோவே நிற்கிறது. 5:30 ஆனதும் தானாகச் சரியாகிறது. காரணம், சர்வீஸில் டுடே ஃபங்ஷன் உலக நேரப்படி தேதி தருகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். லேப்டாப்பில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. மீன் தொழிலுக்கோ அந்த நேரம்தான் முக்கியம். தேதி டேபிளை டேட்டாபேஸிலேயே வியூவாக (சேமித்து வைத்த குவெரியாக) வைத்து, ஆசியா/கொல்கத்தா நேரப்படி "எத்தனை நாள் முன்" என்று ஒரு நெடுவரிசை கணக்கிட்டு, ரிப்போர்ட்டில் அதை 0 என்று ஃபில்டர் செய்தால் முடிந்தது.

டைரக்ட்குவெரியில் பவர் பிஐ தானாகத் தேதி டேபிள் உருவாக்காது என்பதால் அந்த வியூ எப்படியும் வேண்டும். அதில் மீன்பிடித் தடைக்காலத்தையும் சேருங்கள், ஆனால் ஒரே நெடுவரிசையாக அல்ல. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலும் தேங்காப்பட்டணமும் மேற்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு நெடுவரிசையாகப் பிரிக்காவிட்டால் மே மாதத்தில் சின்னமுட்டம் கோடு சரிவதைப் பார்த்து முதலாளி ஏஜெண்டைத்தான் திட்டுவார். தடை விசைப்படகுக்கு, வள்ளங்கள் கொண்டுவரும் மீன் தொடர்ந்து பதிவாகும், அதனால் கோடு பூஜ்யத்துக்கும் போகாது.

வேகத்துக்குக் கொள்முதல் தேதியில் இண்டெக்ஸ் கட்டாயம். ஸ்லைசர்களுக்கு (ரிப்போர்ட்டில் டிக் செய்து வடிகட்டும் பெட்டிகளுக்கு) அப்ளை பட்டன் வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கேள்வி பறக்கும். ஒரு கேள்விக்கு 10 லட்சம் வரிகளுக்கு மேல் திரும்பாது. தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு, ப்ரீமியம் கெப்பாசிட்டி இல்லாவிட்டால் 30 நிமிடமே குறைந்தபட்ச இடைவெளி. ஏலம் நடக்கும்போதே பார்க்க நினைப்பவர் ரிஃப்ரெஷ் பட்டனைத் தட்டத்தான் வேண்டும். இதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.