ஸ்டீமில் முதல் கேம்: புதுச்சேரியிலிருந்து போய் வந்த வழி

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கேம் ஏற்ற இப்போது பயனர்கள் யாரும் ஓட்டுப் போட வேண்டியதில்லை. 2012-ல் வந்த கிரீன்லைட் முறையில் அது தேவைப்பட்டது. 2017 ஜூனில் அதை எடுத்துவிட்டு ஸ்டீம் டைரக்ட் வந்தது. ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். வருமானம் 1000 டாலரைத் தொட்டால் அந்தப் பணம் திரும்பும். ஹாஃப்-லைஃப் செய்த வால்வ் ஸ்டுடியோ தன் கேம்களுக்கு அப்டேட் அனுப்ப 2003-ல் கட்டியதுதான் ஸ்டீம். அதனால் அப்லோடு பகுதி அருமை, காகித வேலைதான் இழுக்கும்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கேம் செய்பவர்கள் முதலில் சறுக்குவது பெயரில்தான். நிறுவனப் பெயர் கேட்கும் கட்டத்தில் ஸ்டுடியோவுக்கு ஆசையாக வைத்த பெயரைப் போடக் கூடாது. எல்எல்பி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்) பதிவு இல்லையென்றால் தனிநபராக, வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே கொடுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் வேறு வம்பு: பாஸ்புக்கில் வெறும் 'எம்.', பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. வங்கியில் போய் இதைச் சரிசெய்துவிட்டே ஆரம்பியுங்கள். ஸ்டுடியோ பெயரைக் கடைப் பக்கத்தில் டெவலப்பர் என்ற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். விட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடிப்பார்கள், தேர்ந்தெடுத்தால் 15.

100 டாலர் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்தே வெளியிட முடியும். 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். ஆகவே கேம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பணத்தை முன்பே கட்டிவிடுங்கள்.

தமிழ் எழுத்துதான் எங்களை அதிகம் படுத்தியது. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, எழுத்துகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். 'கெ' என்று கொடுத்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு கேம் மென்பொருளான கோடோ 4-ல், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பொறி வேறு: எழுத்துருவை புராஜெக்டில் சேர்க்காவிட்டாலும் உங்கள் விண்டோஸில் தமிழ் தெரியும். காரணம், அது கணினியின் சொந்த எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. தமிழ் எழுத்துரு இல்லாத லினக்ஸ் கணினியில் அதே கேம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், கேமோடு சேர்த்துக் கொடுக்க உரிமமும் உண்டு. அதைச் சேர்த்து, எழுத்துருவின் இறக்குமதி அமைப்பில் சிஸ்டம் ஃபால்பேக்கை, அதாவது அந்தக் கடன் வாங்கலை, அணைத்துவிட்டுச் சோதியுங்கள். விடுபட்டது அப்போதுதான் கண்ணில் படும்.

கடைப் பக்கம், பில்டு (ஓடும் கேம் கோப்புகள்) இரண்டும் தனித்தனியாகப் பரிசீலனைக்குப் போகும். பொதுவாக 3 முதல் 5 வேலை நாள். ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும், எல்லாம் ஆட்டத்துக்குள் எடுத்ததாக. அட்டைப் படத்தில் கேம் பெயரைத் தவிர 'விருது பெற்றது' போன்ற வாசகம் ஆகாது. பில்டு நிராகரிக்கப்பட்டால் எந்தக் கோப்பைத் திறந்து கேமைத் தொடங்குவது என்று சொல்லும் லாஞ்ச் ஆப்ஷனை முதலில் பாருங்கள்: அங்கே எழுதிய கோப்புப் பெயரும் ஃபோல்டரில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? சரிசெய்தபின் பப்ளிஷ் அழுத்தாமல் விட்டால் மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான் இருக்கும். அப்லோடு ஆன பில்டை, வாங்கியவர்களுக்குப் போகும் டிஃபால்ட் கிளையில் லைவ் ஆக்குவதும் தனி வேலை.

பணம் டாலரில் வரும், ஒரு மாத விற்பனைக்கு அடுத்த மாத இறுதிவாக்கில். தொகை 100 டாலரைத் தொடாவிட்டால் அப்படியே சேர்ந்துகொண்டிருக்கும். சின்ன வங்கிக் கிளைகளுக்கு, வெளிநாட்டுப் பணம் வரத் தேவையான ஸ்விஃப்ட் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடைப் போடுவது என்று மேலாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு வரவுக்கும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றும் கேட்டு வாங்குங்கள், ஆடிட்டர் கேட்பார். ஜிஎஸ்டி எடுத்தால், எல்லையில் உள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கம், அதாவது புதுச்சேரியில், எண் 34-ல் தொடங்கும், கடலூர்ப் பக்கம் 33-ல். வீடு அங்கே, அலுவலகம் இங்கே என்றால் அலுவலக முகவரிதான் கணக்கு. எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் ஏற்றுமதிக்கு ஐஜிஎஸ்டி வரி கட்டாமல் தப்பலாம். ஆனால் அது மார்ச் 31-ஓடு செத்துவிடும். புது நிதியாண்டுக்குப் புதிதாகப் போட வேண்டும்.