வாள்வெட்டும் கட்டாக்காலி மாடும்

கனடாவில் இருக்கிற சின்னம்மா நேற்றும் போன் எடுத்தா. "பிள்ளை, பொழுதுபட்டால் வெளிக்கிடாதை. அங்க ஒரே வாள்வெட்டாம்."

யாழ்ப்பாணத்தில் எங்கோ நடந்த ஒரு வெட்டு, வட்ஸ்அப் வழியாகக் கிளிநொச்சிக்கு வந்து சேரும்போது நாலாகிவிடுகிறது. 2011 இல் கிறீஸ் பூதம், அதாவது உடம்பில் கிறீஸ் பூசின ஆள் இரவில் வந்து தாக்குறான் என்ற கதையைக் கேட்டுச் சனம் பொல்லுத்தடியோடு காவல் இருந்ததே, அதுக்கு வட்ஸ்அப் கூடத் தேவைப்படவில்லை.

களவு, கசிப்பு, கஞ்சா எல்லாம் இங்கே இருக்குத்தான், மறைக்கவில்லை. ஆனால் இலங்கையில் வருசத்துக்குக் கொலையாகிறவர்கள் சில நூறு பேர். வீதி விபத்தில் சாகிறவர்கள் 2,000 பேருக்கு மேல்.

இரவில் ஏ9 வீதியில் பரந்தன் பக்கம் வந்து பாருங்கோ. பகல் சூடு ஆறாத தாரில் கட்டாக்காலி மாடுகள் படுத்துக்கிடந்து அசைபோடும். கறுப்பு மாடென்றால் கிட்ட வந்தபிறகுதான் கண் மினுங்கும். அதைத் தப்பினால், பின்லைட் இல்லாத உழவு இயந்திரம். எங்கட தம்பிமாரோ ஹெல்மெட்டை டாங்கியில் வைத்துக்கொண்டு பறப்பார்கள். பொலிசைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறும்.

மாடு படுத்திருக்கு, மெதுவா வாங்கோ என்று ஏன் ஒருத்தரும் வொய்ஸ் போடுறதில்லை?