கோபமே மருந்தான கதை

சீனர்களின் ஊசி வைத்தியமான அக்குபஞ்சர் என்றாலே முட்டிவலி, இடுப்புவலி என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

சுமார் 800 வருடத்துக்கு முந்தைய சீனா. ஜாங் ட்ஸிஹெ (1156-1228) என்று ஒரு வைத்தியர். ஒரு பணக்கார வீட்டு அம்மாவுக்கு எதையாவது யோசித்து யோசித்தே இரண்டு வருடத்துக்கு மேலாகத் தூக்கம் இல்லை, எந்த மருந்தும் கேட்கவில்லை. நாடி பார்த்தவர், இது மண்ணீரல் சமாசாரம் என்றார். சீன வைத்தியக் கணக்கில் ஒவ்வொரு உணர்ச்சியும் ஒரு உறுப்புக்குச் சொந்தம்: ஓயாத யோசனை மண்ணீரலுக்கு, கோபம் கல்லீரலுக்கு, துக்கம் நுரையீரலுக்கு, பயம் சிறுநீரகத்துக்கு. யோசனையை அடக்குவது கோபம்.

சரி, என்ன செய்தார் தெரியுமா? கணவரோடு ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, பெருந்தொகையைக் கறந்து, சில நாள் அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு, ஒரு வைத்தியமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்! அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம், வேர்த்து விறுவிறுத்து அன்றைக்கு ராத்திரியே அடித்துப்போட்டாற்போல் தூங்கினாராம், எட்டொன்பது நாள் விழிக்கவே இல்லையாம் (இந்தக் கணக்கை நான் நம்பவில்லை). அப்புறம் சாப்பாடு இறங்கியது, நாடியும் சீரானது. இன்றைக்கு ஒரு டாக்டர் இப்படிச் செய்தால் கூகுளில் ஒற்றை நட்சத்திரம்தான்.

ஊசி வைக்கிறவர்களும் மனசை விடுவதில்லை. மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், தடவிப் பாருங்கள். இதய நாளத்தின் (ரத்தக் குழாய் இல்லை, உயிராற்றல் ஓடுவதாக அக்குபஞ்சர் சொல்லும் பாதை) 7-ஆவது புள்ளி, பெயர் ஷென்மென். ஷென் என்பது இதயத்தில் குடியிருக்கும் உயிருணர்வு, மென் என்றால் வாசல். படபடப்பு, தூக்கமின்மைக்கு அடிக்கடி ஊசி விழுவது இங்கேதான். அதற்காக மனச்சோர்வு மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.